கார்பரேட்டர் மேல் போட்ட வீண்பழி: எம்.ஜி.பி.யோடு 6 வருஷம்

பினாங்குக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போன எங்கள் ஐயா வாங்கிய 1965 எம்.ஜி.பி. இது, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கண்டனூர் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் தூங்கிக் கிடந்ததை எழுப்பி 6 வருஷமாக நான் ஓட்டுகிறேன். இரண்டு பேர் உட்காரலாம், 1798 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்ப எஸ்.யு. கம்பெனியின் இரட்டைக் கார்பரேட்டர். சித்திரை வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டினால் ஆள் மோர்மிளகாய் ஆகிவிடுவோம். அது தெரிந்த சங்கதிதான். என்னைப் படுத்தியது வேறு.

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். காரைக்குடி தாண்டிக் குன்றக்குடி மலை கண்ணில் பட்டதும் இருமும், சைலன்சரில் 'டப்' என்று வெடிக்கும், நின்றுவிடும். புளியமரத்தடியில் அரைமணி நேரம் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சூட்டில் பெட்ரோல் கொதிக்கிறது என்று முடிவு கட்டினேன். சந்தேகப்படக் காரணமும் இருந்தது. இந்த எஞ்சினில் கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம். எக்ஸாஸ்ட் சூட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே ஒரு தகடுதான். ஈரத்துணி போர்த்திப் பார்த்தேன். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 18,000 ரூபாய் கொடுத்து இரண்டுக்கும் ரிப்பேர் கிட் போட்டேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சீராக ஓடுவதுதான் ஐட்லிங்; இருந்த அதுவும் கெட்டதுதான் மிச்சம்.

கடைசியில் கைகொடுத்தவர், காரைக்குடியில் காலமெல்லாம் அம்பாசிடர் பார்த்த ஒரு பாய். பானெட்டைத் தூக்கியதுமே சிரித்துவிட்டார். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதுவும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ், ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

"கார்பரேட்டரத் தொடாதீங்க தம்பி. வண்டி நிக்கட்டும், அப்புறம் பாப்போம்."

நின்றது. சாவியை மறுபடி போட்டு, "பம்பு சத்தம் கேளுங்க" என்றார். டிக், டிக், டிக்... அப்புறம் அமைதி. கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பர் நிறைந்தால் எஸ்.யு. பம்பு அடங்கிவிடும், டேங்கிலிருந்து பெட்ரோல் வராவிட்டால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஃப்ளோட் சேம்பர் மூடியைத் திறந்தோம். பெட்ரோல் நிறைய இருந்தது, கொதிப்பும் இல்லை. அடுத்து, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து வரும் நடு ஒயரை எஞ்சின் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமாய்ப் பளிச்சிட வேண்டிய பொறி, அணையப்போகிற ஊதுபத்தி மாதிரி மஞ்சளாய் வந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பொறி பலமாக வர உதவும் கண்டன்சர் என்ற சின்னப் பாகம் சூடானால் செத்து, ஆறினால் பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்பாசிடர் கண்டன்சர் ஒன்றை வெளியிலேயே கட்டி இணைத்தார். வண்டி நிற்காமல் திருப்பத்தூர் போய்த் திரும்பியது. அதன் விலை மதுரை பில்லின் ஜிஎஸ்டிக்குக்கூட வராது.

கார்பரேட்டர் பரம யோக்கியம் என்று சொல்லவில்லை. ஐட்லிங் ஏறி இறங்கியதற்கு, தேய்ந்த த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) வழியாகக் காற்று புகுந்ததே காரணம்; அந்த இடத்தில் கார்ப் க்ளீனர் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறிக் காட்டிக்கொடுத்தது. ஸ்பிண்டிலையும் புஷ்ஷையும் மாற்றாமல் ஸ்க்ரூவைத் திருகுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் திணறியதற்கு கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை நிதானமாக ஏறவைக்கும் டாஷ்பாட்டில் எண்ணெய் இல்லாதது காரணம். 20 கிரேடு எண்ணெய் ஊற்றியதும் சரியானது. நம்ம ஊர்ச் செம்மண் தூசி அந்தப் பிஸ்டனைக் கவ்விவிடும். தூக்கிவிட்டால் 'டக்' என்று விழவேண்டும். இழுத்துக்கொண்டு இறங்கினால் கழற்றித் துடைக்கிறேன்.

இரண்டு கார்பரேட்டரையும் சமப்படுத்த மீட்டரெல்லாம் வாங்கவில்லை. ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்பரேட்டர் வாயில். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே சுருதிக்கு வரும்வரை திருகல். "இதுக்கு இவன டாக்டருக்கே படிக்க வச்சிருக்கலாம்" என்பது ஆத்தாவின் கருத்து.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் ஹோஸ் பிசுபிசுத்துப்போனது. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டேன். கலவையும் மெலிந்ததால் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஒரு பக்க அளவு) கீழே இறக்கியிருக்கிறேன். பிளக் இப்போது கும்மாயப் பலகாரத்தின் பழுப்பு நிறத்தில் இருக்கிறது, அதுதான் வேண்டும்.

முன் கார்பரேட்டர் மூடியில் மட்டும் லேசாகக் கசிவு. வெள்ளிக்கிழமை பாய் கடை லீவு. சனிக்கிழமை காலையில் கொண்டுபோக வேண்டும்.