ஏழு சீசன், நாலு டிகிரி தண்ணீர்: ஒன்டாரியோ ஏரிகளில் என் டைவிங் அனுபவம்

தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடையான டிரைசூட் வாங்கி ஏழு சீசன் முடிந்துவிட்டது. குறிப்பேட்டில் 212 டைவ் இருக்கிறது. பாதிக்கு மேல், டொரண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரியில் செய்தவை. மீதியெல்லாம் ஹ்யூரான் ஏரிக்கரையில் உள்ள டோபர்மோரியிலும், பிராக்வில் பக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும். ஏரியில் இறங்க என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவியின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது யார் கேட்டாலும், முதலில் கைக்கு என்ன போடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

ஊரில் சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்தவர்களுக்கு இந்தக் குளிர் ஓரளவு பழக்கம். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் ஆழம் போனதும் கால் சில்லிட்டுவிடும். ஏரியிலும் அதே கதைதான், அளவுதான் பெரிது. ஆகஸ்டில் டோபர்மோரியில் மேற்பரப்பு 18 டிகிரி காட்டும். 20 மீட்டரைத் தாண்டும்போது கண் முன்னால் தண்ணீர் எண்ணெய் கலந்த மாதிரி நெளியும். அந்தக் கோட்டுக்குக் கீழே 6 டிகிரி. இன்னும் கீழே 4. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும் என்பதால் அந்தத் தண்ணீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் ஆழத்தில் கோடைக்கும் மாரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை எடுத்துவிடும். முதலில் போவது விரல்.

முதல் இரண்டு சீசனும் 5 மி.மீ. நியோப்ரீன் கையுறைதான் போட்டேன். குவாரியில் ஒரு நவம்பர் டைவ். 25 நிமிடம் ஆனபோது டார்ச்சைக் கொக்கியில் மாட்டப் போனேன். கொக்கியின் நாக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்து, கட்டைவிரல் வளைகிறதா என்று உறுதிப்படுத்தி, மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது, சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்றும் இருந்தது. ஆனால் கை போனால் வால்வைத் திருக முடியாது, கூட்டாளிக்கு உதவ முடியாது. ஏறிவிட்டோம்.

மூன்றாவது சீசனில் மணிக்கட்டு வளையத்தோடு வரும் உலர் கையுறைக்கு மாறினேன். உள்ளே கம்பளிக் கையுறை. தண்ணீர் புகாமல் டிரைசூட்டின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் பட்டைதான் சீல். அதற்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி வைத்தால் டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்று கையுறைக்குள்ளும் வரும். ஆழம் போகப் போக கையுறை தோலை இறுக்காது. இந்தச் சின்னக் குழாயை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. குவாரிக் கரையில் கார் கதவில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் காட்டிக்கொடுத்தார். ஒரு குறை உண்டு: ஏரியில் எங்கும் ஒட்டியிருக்கும் குவாகா சிப்பிகளின் விளிம்பு பிளேடு போல இருக்கும். இதுவரை நாலு ஜோடி கிழிந்துவிட்டது. பையில் எப்போதும் ஒரு ஜோடி கூடுதலாக வைத்திருக்கிறேன்.

டிரைசூட்டைப் பற்றிச் சொன்னால், என்னுடையது மூன்று அடுக்காக ஒட்டிய டிரைலேமினேட் துணி. துணியில் ஏழு வருடத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. தொல்லை எல்லாம் சீலிலும் ஜிப்பிலும்தான். லேடெக்ஸ் கழுத்து சீல் வெயிலில் காய்ந்தால் பிசுபிசுத்துப்போகும். இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது முறை நாலு மணி நேரம் ஓட்டிப் போய், படகில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தலையை நுழைக்கும்போது கிழிந்தது. அன்றைக்கு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு வளையத்தில் பொருத்தும் சிலிகான் சீலுக்கு மாறிவிட்டேன். கையாலேயே கழற்றி மாட்டிவிடலாம். பித்தளை ஜிப்புக்கு ஒவ்வொரு டைவ் நாளும் மெழுகு தேய்க்க வேண்டும். நான் தவறாமல் தேய்த்தும் ஐந்தாவது வருடம் தோள்பக்கம் ஈரம் கசிந்தது. ஜிப் மாற்றும் செலவையும் சூட்டின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று. குளிரைத் தாங்குவது சூட் இல்லை, உள்ளே போடும் உடுப்பு. சூட் ஈரத்தைத்தான் தடுக்கிறது. மெரினோ கம்பளி பனியன், அதற்கு மேல் தின்சுலேட் என்ற செயற்கை இழை வைத்த கனமான உடுப்பு. பணம் குறைவு என்றால் சூட்டை இரண்டாம் கையாக வாங்குங்கள், உள்ளாடையைப் புதிதாக வாங்குங்கள்.

மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை விஷயத்தில் எல்லோரும் குழம்புவார்கள். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். ஆளும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் ஏரியில் ஈயம் இரண்டரைக் கிலோ குறையும். ஆனால் கனமான உள்ளாடையில் தங்கும் காற்று அதையும் தாண்டிக் கேட்கும். நான் 13 கிலோவில் ஆரம்பித்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு 10-க்கு வந்தேன்.

சரி, ரெகுலேட்டருக்கு வருவோம். ஒரு ஏப்ரல் கடைசி. என்னுடையது சர்வீஸில் இருந்ததால் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். அது குளிர்நீருக்காக மூடப்பட்ட வகை இல்லை. கேட்டு உறுதிப்படுத்தாமல் போனேன். வெளியே 1 டிகிரி, தண்ணீர் 4. கரையில் நின்றபடியே நாலைந்து முறை மூச்சிழுத்துச் சோதித்தேன். அதிலேயே ரெகுலேட்டரின் முதல் நிலை, அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதி, குளிர்ந்திருக்கும். 19 மீட்டரில் டிரைசூட்டுக்குள் காற்றுவிடும் பொத்தானை அழுத்திக்கொண்டே மூச்சை இழுத்தேன். பட்டென்று வாயில் காற்று பீறிட்டது. முகத்தைச் சுற்றி வெள்ளைக் குமிழி, வேறு எதுவும் தெரியவில்லை. பல் கூசியது. கூட்டாளி தன் உபரி ரெகுலேட்டரை என் வாயில் வைத்துவிட்டு, பின்னால் வந்து என் வால்வை மூடினார். அதற்குள் சிலிண்டரில் 150 பார் இருந்த காற்றழுத்தம் 60 ஆகியிருந்தது. கரையேறிய பிறகும் முதல் நிலையின் மேல் வெள்ளைப் பனி ஒட்டியிருந்தது.

காரணம் எளிது. சிலிண்டரின் 200 பார் அழுத்தம் முதல் நிலையில் சுமார் 10 பாருக்கு இறங்கும்போது காற்று விரிந்து கடுமையாகக் குளிர்கிறது. நன்னீர் 0 டிகிரியில் உறையும். கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 2 வரை தாங்கும். 4 டிகிரி ஏரியில் நமக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். உள்ளே பனி பிடித்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும். ஐரோப்பிய இ.என். 250 தரம் 10 டிகிரிக்குக் கீழ் உள்ள தண்ணீரைத்தான் குளிர்நீர் என்கிறது. என் சொந்த ரெகுலேட்டர் ஏபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ் 50. ஸ்பிரிங் பக்கம் தண்ணீர் படாதபடி மூடிய டயாஃப்ரம் வகை. ஏழு சீசனில் ஒரு முறைகூட பீறிடவில்லை. ஆனாலும் இப்போது தண்ணீருக்குள் தலை போன பிறகுதான் முதல் மூச்சு இழுக்கிறேன். பொத்தானை மூச்சை விடும்போது மட்டும், சின்னச் சின்னதாகத் தட்டுகிறேன்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். பிக் டப் துறைமுகத்தில் ஏழு மீட்டர்கூட ஆழமில்லாத இடத்தில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கிடக்கிறது. 1867-ல் கட்டி 1885-ல் மூழ்கிய, இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். மரம் இன்னும் மரமாகவே இருக்கிறது. கடலாக இருந்தால் கப்பல் புழு எப்போதோ அரித்துத் தின்றிருக்கும். நன்னீரில் அந்தப் புழு வாழாது. குளிரும் அழுகலைத் தள்ளிப்போடுகிறது. உள்ளே நுழையக் கூடாது. நாம் விடும் குமிழிகள் கப்பலின் மேல்தளத்துக்கு அடியில் சேர்ந்து பலகையை மேலே தள்ளும். நான் பக்கவாட்டில் மிதந்து, பலகை பலகையாகச் சேர்த்த இடங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதற்காகத்தான் இத்தனையும் என்று அப்போது தோன்றும்.

அரேபியா என்ற கப்பல் அதைவிட ஆழம், 34 மீட்டர் அளவில். 1853-ல் கிங்ஸ்டனில் கட்டியது, மக்காச்சோளம் ஏற்றி வந்தபோது 1884-ல் மூழ்கியது. முன்பகுதியில் நங்கூரங்கள் இன்னும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. போன ஆகஸ்டில் அங்கே இறங்கினோம். கீழே 4 டிகிரி, 18 நிமிடம். ஏறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 5 மீட்டரில் நிற்கும்போது, கை எப்படி என்று கூட்டாளி சைகையில் கேட்டார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினேன். பத்தும் சொன்னபடி கேட்டன.