அம்மாவின் முழங்காலை ஆபரேஷன் செய்த டாக்டரை நாங்கள் பார்த்ததே இல்லை

நேற்று பொழுதோட எங்கள் ஊர் வழியாக மைக் கட்டின ஆட்டோ ஒன்று போனது. வர்ற ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் இலவச மூட்டுவலி முகாமாம், எலும்பு அடர்த்தி டெஸ்ட்டும் இலவசமாம். போன வருஷம் நாங்கள் போய் மாட்டிக்கொண்ட அதே ஆஸ்பத்திரி. பேரைப் போட மாட்டேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிற யோசனை இருக்கிறது, அதனால் வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் ஆட்டோ சத்தம் கேட்ட பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை.

அம்மாவுக்கு 63 வயசு. கட்டுத்தரையில் ரெண்டு மாடு, ரெண்டு வேளையும் குத்தவெச்சுத்தான் பால் கறப்பார். வலது முழங்கால் வலி நாலைந்து வருஷமாகவே உண்டு. முகாமில் குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்தார்கள். துண்டுச் சீட்டில் எலும்பு அடர்த்தி எண் மைனஸ் 2.6 என்று வந்தது. அதைச் சிவப்பு மையில் சுழித்து, "எலும்பு தேஞ்சு போச்சுங்க தம்பி. இப்படியே உட்டீங்கன்னா ஆறே மாசம், படுக்கைதானுங்க" என்றார் டை கட்டின ஒருத்தர். டாக்டர் என்றுதான் நினைத்தேன். அவர் மார்க்கெட்டிங் ஆள் என்பது பில் கட்டும்போதுதான் தெரிந்தது.

முதல் கோட்டையை அங்கேயே விட்டேன். எலும்புத் தேய்மானம் என்று ஒரே பேரில் நாம் ரெண்டு நோயைச் சொல்கிறோம். எலும்பின் அடர்த்தி குறைவது ஒன்று, மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பு தேய்வது இன்னொன்று. அடர்த்திக்கு மாத்திரை, ஊசி, கால்சியம் என்று வைத்தியம் இருக்கிறது; மூட்டு மாற்றுவது அதற்கான வைத்தியமே இல்லை. அடர்த்தியை முறையாகப் பார்ப்பதென்றால் இடுப்பிலும் முதுகிலும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். குதிகால் மெஷினில் வந்த எண்ணைக் காட்டி முழங்காலுக்குத் தேதி குறித்தார்கள், நானும் தலையாட்டினேன்.

மறுவாரம் கோயமுத்தூர். அவினாசி ரோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே, கண்ணாடிக் கட்டடம். சீனியர் டாக்டர் அறையில் சுவர் முழுக்க சர்டிபிகேட். படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ரெண்டு காலையும் மாற்றிவிடலாம், இந்த மாசம் பேக்கேஜ் போகிறது என்றார். கெஞ்சிக் கூத்தாடி, முதலில் வலது கால் மட்டும் போதும் என்றோம். எழுந்திருக்கும்போது அம்மா கேட்டார்:

"ஏனுங் டாக்டர், நீங்கதானுங்களே ஆப்ரேசன் பண்ணுவீங்க?"

"எங்க டீம் பண்ணும்மா."

"சும்மா வாம்மா, டாக்டருக்கு நேரமாச்சு" என்று அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தவன் நான்தான். கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அம்மா கேட்டார். அதற்கு வந்த பதிலை நான் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்ளே கொண்டு போனார்கள். செய்தவர் வெளியூர் டாக்டர். சனிக்கிழமை வருவார், வரிசையாக நாலைந்து மூட்டு செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று ஒரு நர்ஸ் அக்கா மெதுவாகச் சொன்னார். அவர் பேரை டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெளியில் இருந்து வந்து ஆபரேஷன் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை, நல்ல டாக்டர்களும் அப்படி வருகிறார்கள். அவர் ஊருக்குப் போன பிறகு அம்மாவின் காலுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ். பிசியோதெரபிக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். மூணு வாரம் ஆகியும் கால் மடங்கவில்லை, விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தது. போன் செய்தால் சீனியர் கான்பரன்சில் இருப்பார், ஆபரேஷன் செய்தவர் ஓ.பி. பார்க்க மாட்டார். "வலியைப் பொறுத்துட்டு மடக்கச் சொல்லுங்க சார்" என்பதோடு ரிசப்ஷனில் வைத்துவிடுவார்கள்.

எட்டாவது வாரம் ஈரோட்டில் வேறு ஒரு டாக்டரிடம் போனோம். அளவுகோலை முழங்காலில் வைத்துப் பார்த்தார், 60 டிகிரி. நாற்காலியில் இருந்து ஒழுங்காக எழுந்திருக்கவே 90-க்கு மேல் மடங்க வேண்டுமாம். "ஆபரேஷனுக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரே இருக்குங்களா?" என்று கேட்டார். இல்லை. உடம்பு பாரம் காலில் இறங்கும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியுமாம். படுக்க வைத்து எடுத்ததை மட்டும் வைத்து முடிவு பண்ணக்கூடாது என்றார். மூணு மாசம் தாண்டினால் மூட்டுக்குள் தழும்பு இறுகிவிடும் என்று, மறுவாரமே மயக்கம் கொடுத்து காலை மடக்கிவிட்டார். அதற்கப்புறம் தினமும் பிசியோ. இப்போது 95 வரை வருகிறது. குத்தவெச்சு உட்கார முடியாது. ஒரு மாட்டை விற்றுவிட்டோம்.

இனி காசுக் கதை. பேனரில் 1,45,000 என்று போட்டிருந்தார்கள். கட்டினது 2,63,000. கேட்டதற்கு, "பேக்கேஜில் இம்ப்ளாண்ட் சேராது சார்" என்றார்கள். உள்ளே வைக்கிற செயற்கை மூட்டைத்தான் இம்ப்ளாண்ட் என்கிறார்கள். பில்லில் இம்ப்ளாண்ட், இதர பொருட்கள் என்று ஒரே வரியில் 1,18,000. கம்பெனி பேரும் இல்லை, பேட்ச் நம்பரும் இல்லை. 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்துவிட்டது. சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்றைக்கு 54,720 ரூபாய், வரி தனி. பில்லில் கம்பெனி, பேட்ச் நம்பர், விலை எல்லாம் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. இம்ப்ளாண்ட் பெட்டியில் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வரும், அதை நோயாளி ஃபைலில் ஒட்ட வேண்டும். நாளைக்கு அந்த மூட்டில் ஏதாவது கோளாறு என்றால் அதுதான் ஜாதகம். எங்கள் ஃபைலில் அதுவும் இல்லை.

எங்கள் சின்னம்மா கோவை அரசு ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டில் மூட்டு மாற்றிக்கொண்டவர். கொஞ்ச மாசம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பழனிக்குப் பாதயாத்திரை போனதைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்குகிறார்.

முகாமுக்குப் போகிறவர்கள் போங்கள், பிரஷர் பார்த்துக்கொண்டு வாருங்கள். அங்கேயே அட்வான்ஸ் மட்டும் கட்டாதீர்கள். கத்தியைப் பிடிக்கப் போகிறவர் பேரை எழுதி வாங்கி, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். எம்.எஸ்., டி.என்.பி., டிப்ளமோ, என்ன படித்தவர் என்று தெரிந்துவிடும். அவரை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கால் மடங்காவிட்டால் யாரிடம் வரவேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். "டீம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது. அம்மா கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து இன்றோடு 41 நாள். முந்தாநாள் அங்கிருந்து போன் வந்தது. ஃபைல் ரெடியாகிவிட்டது போல என்று ஆசையாக எடுத்தேன். இடது காலுக்கு இந்த மாசம் தள்ளுபடி இருக்கிறதாம்.