போரிலிருந்து தப்பி வந்தவரிடம் எந்த வினாத்தாளை நீட்டுவது?

அகதிகளிடம் பிடிஎஸ்டி (போர், சித்திரவதை போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநலப் பாதிப்பு, PTSD) இருக்கிறதா என்று பார்க்க அதிகம் புழங்குபவை நான்கு: பிசிஎல்-5, ஹார்வர்ட் மனவடு வினாத்தாள், ஐடிகியூ, கேப்ஸ்-5. முதல் மூன்றும் வினாத்தாள்கள். கேப்ஸ்-5 மட்டும் பயிற்சி பெற்றவர் எதிரே உட்கார்ந்து எடுக்கும் நேர்காணல்.

பிசிஎல்-5 பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 31–33ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணமும் மனநிலையும் பற்றியவை 7 கேள்விகள், பதற்றமும் தூக்கமும் பற்றியவை 6. இந்த 13க்கும் ஒருவர் 3 போட்டால் 39 வந்துவிடும், பழைய நினைவு ஒருமுறைகூட வந்து தாக்காமலே. விசா முடிவு தெரியாமல், வேலைக்கு அனுமதி இல்லாமல், ஒற்றை அறையில் குடும்பத்தோடு அடைபட்டிருப்பவருக்குத் தூக்கம் கெடாமல் என்ன செய்யும்? ஆகவே கூட்டுத்தொகையோடு நிற்காதீர்கள். 2 அல்லது அதற்கு மேல் போட்டவற்றைப் பிரித்து, பிடிஎஸ்டிக்கான விதிப்படி எண்ணுங்கள்: நினைவு திரும்புவதில் 1, தவிர்ப்பதில் 1, மனநிலையில் 2, பதற்றத்தில் 2 தேறுகிறதா?

ஹார்வர்ட் வினாத்தாள் அகதிகளுக்கென்றே பிறந்தது. ரிச்சர்ட் மொல்லிகாவின் குழு கம்போடிய, லாவோ, வியட்நாமிய அகதிகளுக்காக உருவாக்கி 1992இல் வெளியிட்டது. சிட்னியில் தஞ்சம் கோரிய தமிழர்களிடமும் அது பயன்பட்டிருக்கிறது. பட்டினி, சித்திரவதை, உறவுகளைப் பிரிதல் என்று நிகழ்வுகளை அதுவே வரிசையாகக் கேட்பதால், வாய்விட்டுக் கதை சொல்ல முடியாதவர் தலையசைத்தால் போதும். வேறெதிலும் இந்த வசதி இவ்வளவு இல்லை. அறிகுறிகளுக்கு 1 முதல் 4, சராசரி 2.5 எல்லைக்கோடு. அந்தக் கோடு இந்தோசீன நோயாளிகளிடம் கண்டது, தமிழருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்பதும் கடந்த ஒரு வாரத்தை மட்டுமே. விசாரணைத் தேதி வந்த வாரம் எண் ஏறித்தான் இருக்கும்.

ஐடிகியூ, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11ஐ ஒட்டியது, 18 கேள்விகள். பிடிஎஸ்டிக்கு ஆறே அறிகுறிகள் என்பதால் பொதுவான மனவேதனை உள்ளே நுழைவது குறைவு. நெடுநாள் தடுப்புக்காவலிலும் சித்திரவதையிலும் இருந்தவருக்கு நான் இதையே முதலில் எடுப்பேன். தன்மதிப்புச் சிதைவையும் உறவுகளிலிருந்து விலகுவதையும் தனியாகக் கேட்டு, பிடிஎஸ்டியோடு இவை போன்றவையும் சேர்ந்த சிக்கலான பிடிஎஸ்டியைப் பிரித்துக் காட்டுகிறது.

எதை எடுத்தாலும் மொழியில்தான் அதிகம் சறுக்குகிறது. “திரும்ப நடக்கிற மாதிரி இருக்கா?” என்று கேட்டால், மறுபடி சண்டை வருமா என்று கேட்பதாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். “இப்ப, இந்த இடத்திலயே அது நடந்துகொண்டிருக்கிற மாதிரி வருமா?” என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் ‘யோசிக்கிறது’ என்றால் கவலைப்படுவது. “அதை யோசிக்காமல் தவிர்க்கிறீங்களா?” என்ற கேள்வி அங்கே வேறொன்றாகிவிடும். ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ என்ற இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் திணறுவார்கள். வெறுமையிலிருந்து நிறைந்தது வரை ஐந்து (ஹார்வர்டுக்கு நான்கு) தம்ளர் படம் வரைந்து, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளராகச் சொந்தக்காரரை வைக்கவே வேண்டாம். கணவர் எதிரில் பாலியல் வன்முறையை எந்தப் பெண் சொல்வார்?

கேப்ஸ்-5க்கு 45 முதல் 60 நிமிடம், மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இன்னும் நீளும். ஆனால் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமையாக என்று உதாரணம் கேட்டு நிறுக்கிறது. வினாத்தாளில் எல்லை தாண்டியவரையும், தஞ்ச மனுவுக்கு அறிக்கை வேண்டியவரையும் இதில் உட்கார வைப்பதே நியாயம். பிடிஎஸ்டி இல்லை என்று வந்தால் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகாது. சித்திரவதையை விசாரித்துப் பதிவு செய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையும் இதை வலியுறுத்துகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துத் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் தவிர்த்தல் பூஜ்யமாக வரலாம். அப்போது பிடிஎஸ்டி விதி நிறைவேறாது, வேதனை மட்டும் அப்படியே இருக்கும். அவர்களுக்கு நீடித்த துயரத்துக்கான கேள்விகளைத் தனியாகக் கேளுங்கள்.