அலுமினிய ஒற்றைக்கால் ஏணி: நாலு மிளகு சீசனுக்குப் பிறகு

மிளகு பறிக்கிற அலுமினிய ஒற்றைக்கால் ஏணியின் விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று கே.சி.பட்டியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் வட்டாரத்தில் மூங்கிலை விட்டு அலுமினியத்துக்கு மாற நினைக்கிற எல்லோருக்கும் இருக்கிற கேள்விதான். போன வாரம் எங்கள் ஏணியில் துண்டுகள் சேருகிற கீழ் மூட்டைப் பிரித்துச் சரிசெய்து முடித்தோம். அளவெல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது எட்டடித் துண்டு மூன்று, மொத்தம் 24 அடி. 50 எம்.எம். குழாய், 14 கேஜ் கனம், அதாவது 2 எம்.எம். அடிக்கு ஒரு படி. படி என்பது குழாயின் குறுக்கே ஊடுருவி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் 25 எம்.எம். குழாய்.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். மொத்த எடை ஒன்பது கிலோதான். காப்பிச் செடிக்கு நடுவே சரிவில் ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு இறங்கலாம், ஒரு கிளை ஒடியாது. இதைவிடப் பெரிய சந்தோஷம் கொடிக்குள் அது நுழைகிற விதம். இரண்டு கால் ஏணியைக் கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக்கில் சாய்த்தால் கொடியின் பக்கக் கிளைகள் நசுங்கும். மிளகு காய்ப்பதே அந்தப் பக்கக் கிளைகளில்தான். ஒற்றைக்கால் ஏணி அவற்றுக்கு இடையில் போய் மரத்தை ஒட்டி நிற்கிறது, இரண்டு பக்கமும் கை எட்டுகிறது. பன்னியூர்-1 மாதிரி நீளச் சரம் வைக்கிற கொடியில் இந்த வித்தியாசம் அன்றைக்கே மூட்டையில் தெரியும். மூங்கிலைப் போல வண்டு துளைத்து மாவு கொட்டுவதும் இல்லை.

ஆனால் மூட்டு! நாலு சீசனாக எரிச்சல் அடங்கவில்லை.

இரண்டு துண்டையும் இணைக்க உள்ளே செருகும்படி கம்பெனி கொடுக்கிற உள்குழாய் மொத்தமே 150 எம்.எம்., ஒரு பக்கத்துக்கு 75. அதை ஒரு 6 எம்.எம். பின் முன்னும் பின்னுமாகத் துளைத்துப் பிடிக்கிறது. இங்கே இரண்டு தப்பு. சாய்ந்த ஏணியின் நடுவில் ஆள் நின்றால் குழாய் மரத்தை நோக்கி வளையும். மரத்தைப் பார்த்த முகம் இழுபடும், ஏறுகிறவரைப் பார்த்த முகம் அமுங்கும், பக்கவாட்டு முகங்கள் ஏறக்குறைய சும்மா இருக்கும். படிகளைப் பக்கவாட்டில் துளைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பின்னை மட்டும் இழுபடுகிற முகத்தில் துளைத்து வைத்திருக்கிறார்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும், அதுவும் ஏறுகிறவர் கண்ணில் படாத பக்கத்தில். இரண்டாவது தப்பு, குழாய் முனையை நேராக வெட்டவில்லை. முனையும் முனையும் சுற்றிலும் முட்டி உட்கார்ந்தால்தான் பாரம் குழாயில் இறங்கும். ஒரு ஓரம் மட்டும் முட்டினால் பாரம் முழுக்கப் பின்னில் தொங்கும், ஓட்டை நீள்வட்டமாகும். எட்டாவது அடியில் கால் வைக்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டிருக்கிற சத்தம்.

ஆர்கான் வெல்டிங் வைத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். வேண்டாம். இந்தக் குழாயின் பலம் சூடேற்றிப் பதப்படுத்தியதில் வந்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், ஓர் அங்குல அகலத்துக்குப் பலம் கிட்டத்தட்ட பாதியாகும். அடுத்த விரிசல் வெல்டில் வராது, அதன் ஓரத்தில் வரும்.

நாங்கள் செய்தது இது. நீண்டுபோன ஓட்டையோடு சேர்த்து, மூட்டில் சேருகிற இரண்டு முனையிலும் 60 எம்.எம். அறுத்துத் தள்ளினோம். நேராக அறுக்க, ஒரு நீளத் தாளைக் குழாயைச் சுற்றி ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி இறுக்கிச் சுற்றுங்கள். அந்த ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு, ஹாக்ஸாவில் அறுத்து அரத்தால் சரிசெய்தால் போதும்.

புது உள்குழாய்க்கு 45 எம்.எம். வெளிவிட்டம், 3 எம்.எம். கனம், 400 எம்.எம். நீளம். ஏணிக் குழாயின் உள்விட்டம் 46, அதனால் ஒரு எம்.எம். ஆட்டம் இருக்கும். 28 கேஜ் அலுமினியத் தகட்டை ஒரு சுற்று எபாக்ஸி போட்டு ஒட்டினால் ஆட்டம் அடங்கும். இரும்புத் தகடு, தகரம் எதுவும் வேண்டாம், ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும்.

200 எம்.எம். உள்ளே போகவேண்டும் என்றால் வழியில் படி குறுக்கே நிற்கும். கீழ்த்துண்டில் கடைசிப் படியின் வெல்டை அறுத்துப் படியை உருவிவிட்டு, உள்குழாயைச் செருகி, அதிலும் 25 எம்.எம். ஓட்டை போட்டு, அதே இடத்தில் புதுப் படியை இரண்டு குழாய்க்கும் சேர்த்து விடவேண்டும். படிக்கு இரண்டு பக்கமும் ஒரு கிளாம்ப். சுழலாமல் இருக்க, ஏறுகிறவர் பக்க முகத்தில் மட்டும் ஒரு 5 எம்.எம். ஸ்க்ரூ. மேல்துண்டுக்குப் போகும் பாதியில் உள்குழாயின் நுனியிலிருந்து பக்கவாட்டில் இரண்டு பக்கமும் 26 எம்.எம். அகலத்துக்குப் பிளவு வெட்டினோம், ஆழம் 125 எம்.எம். மேல்துண்டை இறக்கும்போது அதன் முதல் படி இந்தப் பிளவில் வந்து உட்காரும், துண்டு திரும்பவே முடியாது. பிளவின் அடி படியைத் தொடுமுன் குழாய் முனைகள் முட்டவேண்டும். முட்டவில்லை என்றால் இன்னும் இரண்டு எம்.எம். ஆழமாக்குங்கள்.

கடைசியாக, முனையிலிருந்து 40 எம்.எம். தள்ளி மேலும் கீழும் ஒவ்வொரு 8 எம்.எம். எஸ்.எஸ். போல்ட்டு, தானாகக் கழலாத நைலாக் நட்டு, நைலான் வாஷர். படிகள் போகிற திசையிலேயே துளைக்கவேண்டும். மூட்டு இருக்கும் இடத்தில் படி இடைவெளி 30 செ.மீ. இருந்தது 18 ஆகிவிடும். அந்த இரண்டு படிக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, ஏறுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். பழகிய கால் இருட்டிலும் கணக்காக வைக்கும், கணக்கு மாறினால் தவறும்.

மரத்தில் கட்டாமல் ஏறக்கூடாது. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் மரமேறும் குச்சிகளில் ஒவ்வொரு துண்டையும் மரத்தோடு இறுக்க ஒரு நாடாப் பட்டை உண்டு. இங்கே கொடி இருப்பதால் அத்தனை கட்டு முடியாது. பாதி உயரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று. பாலியஸ்டர் பட்டை, அடியில் சாக்கு, பக்கக் கிளையை விலக்கித் தண்டின் மேல். நடுக்கட்டில் குழாய் மரத்தோடு ஒட்டி நின்றால் அதன் வளைவு பாதிக்கு மேல் குறைகிறது. நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கும், அதை நம்பாதீர்கள். சரிசெய்த ஏணியைக் கட்டி நிறுத்தி, நடுப்படியில் கயிறு போட்டுக் கீழிருந்து இரண்டு பேர் தொங்கிப் பார்த்த பிறகே ஆளை ஏற்றவேண்டும்.

பூஞ்சை நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவை பற்றியும் ஒரு வார்த்தை. நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு என்று தெளித்த கொடியில் ஈரம் காயுமுன் இந்த ஏணியைச் சாய்த்தால், துத்தத்திலுள்ள செம்பு அலுமினியத்தில் படிந்து குழி குழியாகத் தின்னும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துடைத்துப் பாருங்கள், அடியில் ஊசிமுனைக் கருப்புப் புள்ளி தெரியும். தெளிப்புக்கு மூங்கிலையே வைத்துக்கொண்டு, இதைத் தண்ணீர் விட்டுக் கழுவி வையுங்கள்.

கரண்ட் கம்பி போகிற வரிசையில் இந்த ஏணியைத் தூக்கவே கூடாது. நிமிர்த்தும்போது 24 அடி எங்கே சாயும் என்று யாருக்கும் தெரியாது. ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும். லைனை நிறுத்தச் சொல்லி, நின்ற பிறகே பறியுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம், இந்த விலைக்கும் வேண்டாம். நாலு சீசன் கொடி ஒடியாமல் பறித்துக் கொடுத்த ஏணிதான், எங்கள் கொட்டகையிலிருந்து இதை யாரும் எடுத்துப் போக விடமாட்டேன். ஆனாலும் ஆள் உயிர் தொங்குகிற இடத்தில் 75 எம்.எம். செருகலை வைத்து விற்கிறவர்களுக்கு இன்னொரு முறை காசு கொடுக்க மனம் வரவில்லை. வாங்கியே ஆகவேண்டும் என்றால் கடையிலேயே மூட்டைப் பிரித்து, முனையில் தாளைச் சுற்றிப் பாருங்கள். பிரிக்க விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.