கரி, வெள்ளை, காவி: மூன்று வருஷக் கணக்கு

மூன்று வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் மனித உருவம் வரையப் போய்க்கொண்டிருக்கிறேன். சார்கோல் என்ற கரி, வெள்ளை சாக், சான்குயின் என்ற காவிச் சிவப்பு சாக், மூன்றும்தான் கருவி. சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: பணம் பெரிதாகப் போகாது. பொறுமை போகும், வீட்டில் இருப்பவர்களுடையதும் சேர்த்து.

ஆரம்பம் வில்லோ கரிக்குச்சியில். வில்லோ மரத்தின் மெல்லிய கிளைகளைக் காற்றுப் படாமல் சுட்டு எடுப்பது. தாளில் பட்டும் படாமலும் நிற்கும். ஓர் ஊது ஊதினால் பாதி காணாமல் போகும். இதை ஆறு மாதம் குறையாகவே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தப்பான தோளைத் துணியால் தட்டிவிட்டு உடனே மறுபடி போடலாம். இறுக்கி அழுத்திச் செய்த சார்கோல் அப்படியல்ல. நல்ல அட்டக் கறுப்பு, ஆனால் போட்டது போட்டதுதான். முதல் மாதமே ஆசைப்பட்டு அதை எடுத்து மாடலின் மூக்கில் அழுத்தினேன். அந்தத் தாள் இப்போது மளிகை அலமாரியில் விரிப்பு.

மாடல் 20 நிமிடம் உட்காருவார், பிறகு 5 நிமிடம் ஓய்வு. முதல் சில நிமிடம் சொல்லிக்கொடுக்கும் சார் எங்களைக் குச்சியைத் தொடவே விடமாட்டார். "கண்ணைச் சுருக்குங்க தம்பி. மூக்கு, வாய்னு தேடாதீங்க. இருட்டு எங்க, வெளிச்சம் எங்க? அதை மட்டும் பாருங்க." அவர் சட்டைப் பையில் நூலில் கட்டிய ஒரு நட்டு இருக்கும், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. ஒற்றைக்காலில் எடையைப் போட்டு நிற்பவர் முன்னால் அதைத் தொங்கவிட்டால், கழுத்துக் குழிக்கு நேர்கீழே எடை தாங்கும் காலின் கணுக்கால் வரும். அதுவரை நான் வரைந்தவர்கள் எல்லாரும் பஸ் பிரேக் போட்ட மாதிரி சாய்ந்துதான் நின்றார்கள்.

வெள்ளைக்குச் சாம்பல் அல்லது பழுப்புத் தாள் வேண்டும். நடு வெளிச்சத்தைத் தாளின் நிறமே பார்த்துக்கொள்ளும். கரி நிழலுக்கு, வெள்ளை பளிச்சென்ற இடத்துக்கு மட்டும். இரண்டும் உரசினால் தோல் நீலம் பாரித்துவிடும். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய வெள்ளைப் பென்சில் மெழுகு கலந்தது, கரிமேல் வழுக்கிக்கொண்டே போனது. கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸட்டிவ் கதை இன்னும் மோசம். மாமனார் படத்தை ஐந்து வாரம் வரைந்து, முடித்த சந்தோஷத்தில் தாராளமாக அடித்தேன். நெற்றியில் வைத்த வெள்ளை கண்ணெதிரே மங்கிப்போனது. இப்போது கரிக்கு மட்டும் லேசாக அடித்துக் காயவிட்டு, வெள்ளையைக் கடைசியில் வைக்கிறேன்.

சென்னையில் ஐப்பசி மழை வந்தால் தாள் ஈரம் இழுத்து, கரி திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மே மாதம் வேறு தொல்லை. ஃபேன் போட்டால் கரித்தூள் கொடியில் காயும் வேட்டிக்குப் போகிறது, போடாவிட்டால் வியர்வை படத்துக்குப் போகிறது.

சான்குயினைத் தொட எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ரத்தத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். செம்மை இரும்பு ஆக்சைடால். கோலத்தைச் சுற்றிப் பூசுகிற காவிக்கு உறவுக்காரன் என்று சொன்னதும் அம்மாவுக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. லேசாக இழுத்தாலே தோலின் சூடு வந்துவிடுகிறது, கரியில் எவ்வளவு தேய்த்தாலும் எனக்கு அது வராது. ஆனால் முழுசாக அழியாது, எத்தனை ஒற்றி எடுத்தாலும் இளஞ்சிவப்புக் கறை தங்கும். அதனால் கோடு போடுமுன் கை தானாக நிதானிக்கிறது. மூன்று நிறத்தையும் சேர்த்து பிரெஞ்சு ஓவியர் வாத்தோ 18ஆம் நூற்றாண்டில் செய்ததை நானும் முயன்றேன். சேறுதான் வந்தது.

மைக்கலாஞ்சலோ, சிஸ்டைன் தேவாலய விதானத்தில் தீட்டிய லிபிய சிபில் என்ற குறிசொல்லும் பெண்ணுக்காக 1510 வாக்கில் சிவப்பு சாக்கில் வரைந்த தாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பேன். பெண் உருவத்துக்கு ஆண் மாடல். முதுகுத் தசையை அப்படி வரைந்தவர், அதே தாளின் கீழே கால் கட்டைவிரலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

போன ஞாயிறு மாமனார் ஈசிசேரில் காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இன்னும் கட்டைவிரல்லயே நிக்கிறீங்க?"

"நாலாவது தடவை மாமா. அசையாதீங்க."