பழைய வாக்குகள், புதிய எல்லைகள்: டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் இணையக் கருவி குறித்து

சேலத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். தொகுதி மறுவரையறை என்ற பாடம் ஆண்டுதோறும் கரும்பலகையோடு நின்றுவிடும். சட்டப்பிரிவுகளையும் ஆணையங்களின் பெயர்களையும் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் ஒரே மக்கள் அளித்த ஒரே வாக்குகள், எல்லைக்கோடு இடம் மாறினால் வேறொரு முடிவைத் தரும் என்பது அவர்கள் மனத்தில் பதியாது. இந்த ஆண்டு அது பதிந்தது. அதற்குத் துணை நின்றது டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற அமெரிக்க இணையக் கருவி. இரண்டு மாதங்கள் வகுப்பில் பயன்படுத்திய பிறகு, தேர்தல் வரைபடங்களில் ஆர்வமுள்ள தமிழ் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டேவ் பிராட்லீ என்ற மென்பொருள் பொறியாளர் தொடங்கிய இந்தக் கருவிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இணைய உலாவியில் திறந்து, ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், அம்மாநிலத்தின் பிரதிநிதிகள் சபைத் (நம் மக்களவை போன்றது) தொகுதிகள் வரைபடமாக விரிகின்றன. அதன்மேல் 2016, 2020 போன்ற ஆண்டுகளின் அதிபர் தேர்தல் வாக்குகளை ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு தொகுதியிலும் எந்தக் கட்சி எத்தனை விழுக்காடு பெற்றது என்பது அட்டவணையாகவும் நிறமாகவும் தெரியும். வெறுமனே பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. நாம் வரைந்ததைச் சேமிக்க விரும்பினால் மட்டும் தொடங்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நமக்குத் தோன்றலாம். நம் நாட்டில் மக்களவைத் தேர்தல் முடிந்ததும் சட்டமன்றப் பகுதி வாரியாக வாக்குகள் அதிகாரபூர்வமாக வெளியாகின்றன. சேலம் மக்களவைத் தொகுதியில் எடப்பாடி எப்படி வாக்களித்தது, வீரபாண்டி எப்படி வாக்களித்தது என்பதை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அதிபர் தேர்தலின் வாக்குகள் நம் மாவட்டம் போன்ற கவுண்டி வாரியாகவும் அதற்குள் வாக்குச்சாவடிப் பகுதி வாரியாகவும் எண்ணப்படுகின்றன. பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளின் எல்லையோ கவுண்டிகளைப் பல இடங்களில் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆகவே, மொத்தம் உள்ள 435 தொகுதிகளில் ஒரு குறிப்பிட்ட தொகுதி அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தது என்ற எளிய கேள்விக்குக்கூடப் பெரும்பாலான மாநிலங்களில் ஆயிரக்கணக்கான வாக்குச்சாவடிப் பகுதிகளின் எண்களைத் திரட்டி, எந்தப் பகுதி எந்தத் தொகுதிக்குள் விழுகிறது என்று பொருத்தி, பிறகு கூட்டித்தான் விடை காண முடியும்.

தேர்வாளர் வாக்குகளை, அதாவது அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வாக்குகளை, தொகுதிவாரியாகப் பகிர்பவை இரண்டு மாநிலங்கள் மட்டுமே. மெய்ன் 1972 முதலும் நெப்ராஸ்கா 1992 முதலும் தங்கள் தேர்வாளர் வாக்குகளில் இரண்டை மாநில அளவில் வென்றவருக்கும், மீதியைத் தொகுதிக்கு ஒன்றாக அந்தந்தத் தொகுதியில் வென்றவருக்கும் அளிக்கின்றன. ஒமாஹா நகரை மையமாகக் கொண்ட நெப்ராஸ்காவின் இரண்டாம் தொகுதியை மாணவர்களுக்கு முதலில் காட்டினேன். 2008இல் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னி, 2016இல் டிரம்ப், 2020இல் பைடன், 2024இல் ஹாரிஸ் என்று ஐந்து தேர்தல்களில் மாறி மாறி வாக்களித்த தொகுதி அது. அதன் எல்லையை நெருங்கிப் பார்த்தால், அருகிலுள்ள சார்பி கவுண்டியில் ஒரு பகுதி மட்டும் உள்ளே வருவதும் மறுபகுதி வெளியே நிற்பதும் தெருவளவு துல்லியத்தில் தெரிகிறது.

கருவியின் உண்மையான வலிமை வரையும் பகுதியில்தான் உள்ளது. தூரிகை ஒன்றை எடுத்து வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தொகுதிக்குத் தொகுதி வண்ணம் தீட்டலாம். தீட்டத் தீட்ட மக்கள்தொகை இலக்கிலிருந்து எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது உடனுக்குடன் மாறும், கூடவே பழைய அதிபர் தேர்தல் வாக்குகளும் புதிய எல்லைக்கேற்ப மீண்டும் கூட்டப்பட்டு வரும். இதற்கு மொண்டானாவைவிட நல்ல பாடம் இல்லை. 30 ஆண்டுகள் ஒரே ஒரு தொகுதியாக இருந்த அம்மாநிலம் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இரண்டு தொகுதிகளைப் பெற்றது. 2020இல் மொண்டானா மக்கள் வாக்களித்தபோது இந்த இரண்டு தொகுதிகளும் இல்லவே இல்லை. ஆனாலும் அந்த வாக்குகளைப் புதிய கோடுகளுக்குள் இட்டுப் பார்க்கும்போது, மலைகளும் பல்கலைக்கழக நகரமும் அடங்கிய மேற்குத் தொகுதியில் போட்டி நெருக்கமாகவும், பரந்த சமவெளிகளைக் கொண்ட கிழக்குத் தொகுதியில் ஒருபக்கச் சாய்வாகவும் இருந்தது தெரிகிறது. என் மாணவர்கள் கோட்டை மேற்கும் கிழக்குமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்ததை ஒரு மணி நேரம் பேசாமல் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வட கரோலினாவை எடுத்துக்கொண்டோம். எங்கள் நேரத்தில் பாதி அங்கேதான் சென்றது. வரைபடத்தில் வின்ஸ்டன்-சேலம் என்ற பெயரைக் கண்டதும் மாணவர்களுக்கு அந்த மாநிலத்தின் மேல் தனி உரிமை வந்துவிட்டது. 2020 அதிபர் தேர்தலில் டிரம்ப் அங்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்த மாநிலம் என்று பொருள். 2022இல் பயன்படுத்தப்பட்ட எல்லைகளின்படி அதன் 14 தொகுதிகள் இரு கட்சிகளுக்கும் ஏழு ஏழாகப் பிரிந்தன. 2023இல் மாநிலச் சட்டமன்றம் எல்லைகளை மாற்றி வரைந்தது. 2024இல் குடியரசுக் கட்சி பத்து, ஜனநாயகக் கட்சி நான்கு என்று முடிவு வந்தது. இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, இரண்டிலும் அதே 2020 வாக்குகளை ஏற்றினோம். கிரீன்ஸ்பரோ நகரம் அமைந்த கில்ஃபோர்டு கவுண்டி முதல் வரைபடத்தில் வின்ஸ்டன்-சேலம் பகுதியோடு சேர்ந்து ஒரே தொகுதிக்குள் இருந்தது; இரண்டாம் வரைபடத்தில் அந்தக் கவுண்டி மூன்று தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தன்னைச் சுற்றியுள்ள ஊரகப் பகுதிகளின் வாக்குகளுக்குள் கரைந்துபோனது. நகர மக்களில் ஒருவர்கூடத் தம் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது கோடு மட்டுமே. பத்து ஆண்டுகளாக நான் சொல்லி விளங்கவைக்க முடியாததை அந்த இரண்டு படங்கள் விளங்கவைத்தன.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2012 தேர்தல் இதற்குத் தெளிவான சான்று. ஒபாமா நாடு தழுவிய வாக்குகளில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு முன்னிலையில் வென்றார். ஆனால் தொகுதிவாரியாகக் கூட்டினால் ராம்னி 226 தொகுதிகளிலும் ஒபாமா 209 தொகுதிகளிலும் முந்தியிருந்தார்கள். கட்சிகள் வரைந்த எல்லைகள் இதற்கு ஒரு காரணம். ஒரு கட்சியின் வாக்காளர்கள் பெருநகரங்களில் செறிந்து வாழ்வது மற்றொரு காரணம். இரண்டையும் பிரித்தறிய, விகிதாசாரம், போட்டித்தன்மை, சிறுபான்மையினர் பிரதிநிதித்துவம், வடிவச் செறிவு (தொகுதி வடிவத்தின் கச்சிதம்), கவுண்டிகளைப் பிளக்கும் அளவு ஆகிய ஐந்து அளவைகளில் கருவி ஒவ்வொரு வரைபடத்துக்கும் மதிப்பெண் தருகிறது. இவற்றுள் ஒன்றை உயர்த்த முயன்றால் மற்றொன்று சரிவதை நாமே வரைந்து பார்க்கும்போது, நடுநிலையான எல்லை என்பது எவ்வளவு கடினமான வேலை என்று புரிகிறது.

பயன்படுத்துபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய வரம்புகளும் உண்டு. சில கவுண்டிகள் அஞ்சல் வாக்குகளையும் முன்கூட்டி அளித்த வாக்குகளையும் வாக்குச்சாவடிப் பகுதிவாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக மட்டுமே அறிவிக்கின்றன. தரவைத் தொகுப்பவர்கள் அவற்றை மற்ற வாக்குகளின் விகிதப்படி பகிர்ந்தளிக்கிறார்கள். நம் ஊரில் வாக்குச்சாவடி வாரியான முடிவுத்தாளான படிவம் 20இல் தபால் வாக்குகள் தனி வரியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும். பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த 2020 தேர்தலில் அஞ்சல் வாக்குகள் மிக அதிகம் என்பதால், இந்தக் கருவி காட்டும் எண்களைக் கவனமான கணக்கீடு என்றே கொள்ள வேண்டும். அதிகாரபூர்வ முடிவு என்று மேற்கோள் காட்டக் கூடாது. பழைய ஆண்டுகளுக்குப் போகப்போக வாக்குச்சாவடி அளவிலான தரவு கிடைப்பதும் அரிது.

நிறங்களைப் பற்றியும் மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நமக்குச் சிவப்பு என்றால் இடதுசாரிக் கொடி. அங்கே 2000ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து சிவப்பு குடியரசுக் கட்சிக்கும் நீலம் ஜனநாயகக் கட்சிக்கும் நிலைத்துவிட்டன. பரப்பளவும் ஏமாற்றும்: மொண்டானாவின் கிழக்குத் தொகுதி திரை முழுவதையும் சிவப்பாக நிறைக்கும், நியூயார்க் நகரத் தொகுதி ஒன்று நகக்கண் அளவுகூட இருக்காது, இருந்தும் இரண்டுக்கும் சபையில் ஓர் இடம்தான். முழுக் கருவியும் ஆங்கிலத்தில் உள்ளது. கைப்பேசியில் பார்ப்பது இயலும் என்றாலும், வரைவதற்குக் கணினியும் சுட்டியும் வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர், மொண்டானா பாடம் முடிந்த அன்று என் மேசைக்கு வந்து, “சார், நாங்க சேலம் மாவட்டம்; கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கினா சேலம்தான். எம்.பி. மட்டும் ஏன் சார் கள்ளக்குறிச்சிக்கு?” என்று கேட்டார். 2008 மறுவரையறைக்கு முன் ஏற்காடு சேலம் மக்களவைத் தொகுதியில்தான் இருந்தது. அந்த மறுவரையறையில் பனமரத்துப்பட்டி, தாரமங்கலம், தலைவாசல் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் மறைந்தன. இன்று சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகள் சேலம், கள்ளக்குறிச்சி, தருமபுரி, நாமக்கல் என நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்து கிடக்கின்றன. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டே சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றான ஏற்காட்டின் வாக்குகள் சேலத்தோடு எண்ணப்பட்டால் என்ன, கள்ளக்குறிச்சியோடு எண்ணப்பட்டால் என்ன என்று இதே போன்ற கருவியில் கோட்டை நகர்த்திப் பார்க்க அவருக்கு வழி இல்லை. படிவம் 20 வாக்குச்சாவடி வாரியாக எண்களைத் தருகிறது. ஆனால் எங்கள் கைக்குக் கிடைத்தவை ஸ்கேன் செய்த பக்கங்கள், வாக்குச்சாவடிகளின் எல்லைகள் வரைபடமாக எங்களிடம் இல்லை. அடுத்த மறுவரையறையைப் பற்றி மாநிலமே கவலையோடு பேசும் இந்த நேரத்தில், அமெரிக்கர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இப்படியொரு கருவி நமக்கும் உடனே தேவை என்று அழுத்தமாகச் சொல்வேன்.

ஆசிரியர்களுக்கும், தேர்தல் செய்திகளை எழுதும் இளம் இதழாளர்களுக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங்கைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதலில் மொண்டானாவைத் திறவுங்கள். அதன்பின் வட கரோலினாவுக்குச் செல்லுங்கள். எங்கள் வகுப்பு இப்போது வரைபடத்தாளும் வண்ணப் பென்சிலுமாகச் சேலம் மாவட்டத்தைச் செய்து வருகிறது. ஏற்காட்டு மாணவர் தன் மலைக்கிராமங்களின் வாக்குச்சாவடிகளை முடித்துவிட்டார். ஓமலூரில் பாதி நிற்கிறது.