மிச்சிகன் ஸ்டேடியத்துல மினசோட்டா மேட்ச் பார்த்த அனுபவம்

பையன் ஆன் ஆர்பர்ல மிச்சிகன் யூனிவர்சிட்டில படிக்கிறான், ரெண்டு வருஷமா ஒரு மேட்ச்சுக்காவது வாங்கப்பான்னு கூப்பிட்டுட்டே இருந்தான், கடைசியா 2024 செப்டம்பர் 28 மினசோட்டா யூனிவர்சிட்டி டீமோட ஆடின மேட்ச்சுக்கு போனேன். ஹெல்மெட் போட்டு மோதுற அமெரிக்கன் ஃபுட்பால்தான். காலேஜ் பசங்க ஆடுற மேட்ச்சுக்கு ஒரு லட்சத்துக்கு மேல ஜனம் வரும்னு கேள்விப்பட்டிருக்கேன், நேர்ல பார்க்கிற வரைக்கும் நம்பல.

கேட் தாண்டி உள்ள போனதும் நின்னுட்டேன். சீட்டெல்லாம் மேல ஏறிப்போகும்னு நினைச்சா காலுக்குக் கீழ இறங்கிப் போகுது, தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி, அடியில பச்சையா கிரவுண்டு. பள்ளம் தோண்டித்தான் கட்டியிருக்காங்க, திறந்தது 1927ல. ஃபீல்டிங் யோஸ்ட்தான் இதை கட்ட வச்ச மனுஷன், பின்னாடி ஒரு லட்சம் பேர் தாண்டுற அளவுக்கு பெருசாக்க வசதியா அப்பவே அஸ்திவாரம் போட வச்சிருக்கார். இப்போ கணக்குப்படி 1,07,601 சீட். அந்த கடைசி 1, ஃப்ரிட்ஸ் கிறிஸ்லர்ங்கிற பழைய கோச் ஞாபகமா வச்ச சீட்டாம், எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாங்க. மிச்சிகன் டீம் ஹெல்மெட்ல ரெக்கை மாதிரி மஞ்சள் டிசைன் இருக்கே, அதை 1938ல கொண்டு வந்ததும் அவர்தான், பந்து எறியுறவனுக்கு நம்ம ஆளு தூரத்துலயே பளிச்சுனு தெரியணும்னு.

சீட்னா சேர் இல்ல, நம்பர் போட்ட நீள பெஞ்ச். தோளோட தோள் ஒட்டித்தான் உக்காரணும், ஆனா டச்டவுன் போட்டதும் (பந்தை எதிர் டீமோட கோடு தாண்டி கொண்டு போய் பாயின்ட் எடுக்கிறது) முன்ன பின்ன தெரியாத பக்கத்து சீட் தாத்தா என் கையைப் பிடிச்சு குலுக்கினார் பாருங்க, அதுக்கு அந்த பெஞ்ச்தான் சரி.

நான் இந்த மேட்ச்சை எடுத்ததே ஒரு ஜாடிக்காகத்தான். 1903ல யோஸ்ட் கோச்சா இருந்தப்போ மினசோட்டா டீமோட ஊரான மினியாபொலிஸ் போயிருக்காங்க, அந்த ஊர் தண்ணி மேல நம்பிக்கை இல்லாம 30 சென்ட்டுக்கு ஒரு மண் ஜாடி வாங்க வச்சாராம். மேட்ச் 6-6 டை, ஜனம் கிரவுண்டுக்குள்ள புகுந்துடுச்சு, கிளம்புற அவசரத்துல ஜாடியை விட்டுட்டு வந்துட்டாங்க. வேணும்னா ஜெயிச்சு எடுத்துக்கோன்னு மினசோட்டாக்காரங்க சொல்லிட்டாங்க, 1909ல போய் ஜெயிச்சுத்தான் எடுத்தாங்க. அன்னிலேர்ந்து ஜெயிக்கிறவங்க கையில அந்த ஜாடி. ஒரு பக்கம் இவங்க கலர், ஒரு பக்கம் அவங்க கலர், மோதுற ஒவ்வொரு தடவையும் ஸ்கோரை அது மேலயே பெயிண்ட்ல எழுதுறாங்க. நாங்க போன அன்னிக்கு நாலு குவார்ட்டர்ல மூணாவது முடியிறப்போ மிச்சிகன் 24-3ன்னு முன்னாடி, சரி முடிஞ்சுதுன்னு இருந்தா அவங்க விரட்டிக்கிட்டே வந்து கடைசியில 27-24ல நின்னது, பையன் நகம் கடிச்சே தீர்த்துட்டான்.

எல்லாமே பெருமைப்படுற கதையும் இல்ல. 1934ல ஜார்ஜியா டெக் டீம், கறுப்பினப் பையன் கிரவுண்டுல இறங்கினா நாங்க ஆட மாட்டோம்னு சொன்னதுக்கு பணிஞ்சு, மிச்சிகன் டீமோட கறுப்பின வீரர் வில்லிஸ் வார்டை இதே ஸ்டேடியத்துல ஆடவிடாம வச்சாங்க. அவரோட டீம்மேட்டும் நெருங்கின ஃப்ரெண்டும் யாரு தெரியுமா, பின்னாடி அமெரிக்க பிரசிடென்ட் ஆன ஜெரால்ட் ஃபோர்டு. அந்த மேட்ச் 9-2ன்னு ஜெயிச்சாங்க, அந்த சீசன்ல ஜெயிச்ச ஒரே மேட்ச் அதுதான். எனக்கு இது மனசைப் பிசைஞ்சிடுச்சு. 1901ல மொத்த சீசனும் ஒரு பாயின்ட் கூட விடாம 550-0ன்னு ஆடினது, 2023 சீசன்ல ஆடின 15 மேட்ச்சும் ஜெயிச்சு சாம்பியன் ஆனது, இதெல்லாம் சொல்லும்போது வார்டு பேரையும் சேர்த்தே சொல்லணும்.

ஒரே குறை டிக்கெட்ல. ரீசேல் ஆப் ஒண்ணுல வாங்கினேன், முதல்ல காட்டின விலை ஒண்ணு, ஃபீஸ் எல்லாம் சேர்த்து கடைசியில கட்டினது வேற, நீங்க வாங்கும்போது கடைசி ஸ்கிரீனை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பை கொண்டு போறதுக்கு கட்டுப்பாடு உண்டு, காரை தூரமா போட்டுட்டு நடந்துடுங்க, வீட்டு முன்னாடி புல்தரையில பார்க்கிங் விக்கிறவங்களை பார்த்துக்கிட்டே நடக்கிறதே நல்லா இருக்கும்.

5க்கு நாலரை. அந்த அரை மார்க் ஃபீஸுக்காக கழிச்சது. மினசோட்டா திரும்ப ஆன் ஆர்பர் வர்றப்போ மனைவியையும் கூட்டிட்டுப் போறேன், ஜாடியில 27-24 எழுதினதை அவளுக்குக் காட்டணும்.